நாற்பதில் எத்தனை பேருக்குக் கவசம்? தொடக்க இடைக்காலக் காலாட்படையும் மேசைப்போர்ச் சிற்றுருவங்களும்

சென்ற பருவத்தில், தில்லியில் நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தின் விடுதியில், ஐரோப்பிய இடைக்கால வரலாற்றுக்கென ஒரு சிறு வாசிப்பு வட்டம் நடத்தினோம். 991ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் கடலோரத்தில் நிகழ்ந்த மால்டன் போரைப் பற்றிப் படித்து முடித்தபின், அதனை ஒரு மேசைமீது நிகழ்த்திப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, 28 மி.மீ. அளவுள்ள 40 வீரர் உருவங்களை வாங்கினோம். ஒட்டி, வண்ணம் பூசி, வரிசையாக நிறுத்தினோம். 40 பேருக்கும் முழங்கால்வரை தொங்கும் வளையக் கவசம்; 40 பேருக்கும் மூக்குத்தகடு கொண்ட கூம்புத் தலைக்கவசம்; பாதிப்பேர் கையில் ஓங்கிய வாள். முதுகலை முதலாண்டு மாணவி ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை இரும்பு அந்த ஊரில் யாரிடம் இருந்தது?"

அன்று என்னிடம் விடையில்லை. அக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

1. மேசையில் 'இருக்கலாம்' இல்லை

சிற்றுருவங்களைக் கொண்டு ஆடப்படும் போர் விளையாட்டு, அறிஞர் உலகில் பெரிதும் மதிக்கப்படாத ஒன்று. நானும் அதனை மதித்தவனல்லன். ஆயினும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கென உருவான வரைபட விளையாட்டுக்கு 1824இல் அச்சிட்ட விதிகள் வெளிவந்தன. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலால் பொம்மைப் படைவீரர்களை வைத்தாடும் ஆட்டத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றார். 1960களின் இறுதியில் பிரித்தானியாவில் பண்டைய, இடைக்காலப் படைகளுக்கென விதிநூல்கள் வரத்தொடங்கின. அவற்றோடு படைப்பட்டியல்களும் வந்தன: எந்த நாட்டுப் படையில் எவ்வகை வீரர் எத்தனை பங்கு என்று அவை வரையறுத்தன.

இங்குதான் வரலாற்று மாணவர் நின்று கவனிக்கவேண்டும். கட்டுரையில் நாம் 'சிலர் கவசம் அணிந்திருக்கலாம்' என்று எழுதி அடுத்த வரிக்குச் சென்றுவிடுவோம். உருவத்தை வார்ப்பவருக்கும் வாங்குபவருக்கும் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு வீரனும் கவசம் அணிந்தவன் அல்லது அணியாதவன். கேடயம் வட்டம் அல்லது நீள்வடிவம். நாம் தொடரமைப்பில் மறைத்துவைக்கும் ஐயங்களை உருவம் வெளியே இழுத்துப் போடுகிறது.

2. இரும்பின் விலை

முதலில் விலையைப் பார்ப்போம். 7ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ரிப்புவாரிய பிராங்குகளின் சட்டத்தில், இழப்பீட்டைப் பொருளாகச் செலுத்துவோருக்கென ஒரு மதிப்புப் பட்டியல் உள்ளது. வளையக் கவசம் 12 சொலிதி, தலைக்கவசம் 6, உறையுடன் வாள் 7, கேடயமும் ஈட்டியும் சேர்ந்து 2, நல்ல எருது ஒன்று 2. ஆக, கேடயமும் ஈட்டியும் ஏந்திய ஒருவன் ஓர் எருதின் விலையைச் சுமந்து நிற்கிறான். கவசம், தலைக்கவசம், வாள் ஆகியவற்றையும் சேர்த்துப் பூண்டவன் 13 எருதுகளுக்கு மேற்பட்ட விலையைச் சுமந்து நிற்கிறான். இது ரைன் ஆற்றங்கரைச் சட்டம். இங்கிலாந்துக்கு அப்படியே பொருந்தாது. எனினும் ஈட்டிக்கும் கவசத்துக்கும் இடையிலிருந்த தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அங்கு உயர்நிலை மனிதன் ஒருவன் இறந்தால், அவன் தலைவனுக்குப் படைக்கலங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பது வழக்கு. ஹெரியட் எனப்படும் இக்கடன், 10, 11ஆம் நூற்றாண்டு உயில்களில் அடிக்கடி குறிக்கப்படுகிறது. அவ்வுயில்களைக் கால வரிசைப்படி அடுக்கினால் வியப்பான ஒன்று புலப்படும். 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் ஆயர் தியோட்ரெட் அரசனுக்கு விட்டுச்சென்றவற்றுள் 4 குதிரைகள், 2 வாள்கள், 4 கேடயங்கள், 4 ஈட்டிகள் உண்டு, கவசம் இல்லை. அதன்பின் சில பத்தாண்டுகள் கழித்து, மாநிலத் தலைவர் எல்ஃப்ஹேயாவின் உயிலில் 6 குதிரைகள், 6 வாள்கள், 6 ஈட்டிகள், 6 கேடயங்கள். அங்கும் கவசம் இல்லை. 1003–04 அளவில் எழுதப்பட்ட கேன்டர்பரிப் பேராயர் எல்ஃப்ரிக்கின் உயிலில் நிலைமை தலைகீழாகிறது. அவர் அரசனுக்குத் தம் சிறந்த கப்பலையும், அதனோடு 60 தலைக்கவசங்களையும் 60 வளையக் கவசங்களையும் விட்டுச்செல்கிறார்.

இடையில் நடந்தது என்ன? டேனியர் தாக்குதல் மீண்டும் மூண்டது. 1008ஆம் ஆண்டுக்குறிப்பில் ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேடு ஓர் அரசாணையைப் பதிவு செய்கிறது: 8 ஹைட் நிலத்துக்கு ஒரு தலைக்கவசமும் ஒரு வளையக் கவசமும் செய்து தரவேண்டும். (ஹைட் என்பது ஒரு குடும்பத்தின் வாழ்வுக்குப் போதுமானதாகக் கருதப்பட்ட நில அலகு, வரியும் படைக்கடமையும் இதனடிப்படையில் கணக்கிடப்பட்டன.) நிக்கோலஸ் புரூக்ஸ் என்னும் வரலாற்றறிஞர் இச்சான்றுகளை இணைத்துப் படித்து, எதெல்ரெட் அரசனின் காலத்தில் ஆங்கிலப்படை பெருமளவில் கவசம் பூணத் தொடங்கியது என்று வாதிட்டார். மால்டன் போர் நடந்தது அம்மாற்றத்தின் விளிம்பில்.

எனவே எங்கள் 40 உருவங்கள் முழுப்பிழை என்று சொல்வதற்கில்லை. அவை காலம் தவறியவை. 1016இல் டேனியருக்கு எதிராக நின்ற படையின் முன்வரிசை என்றால் ஓரளவு ஏற்கலாம். 991இல் எசெக்ஸில் அவை நிற்க இடமில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு படையின் தோற்றமே மாறிவிடக்கூடும் என்பதை, 'தொடக்க இடைக்காலம்' என்று ஆறு நூற்றாண்டுகளை ஒரே மூச்சில் சொல்லும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

3. சட்டம் தரும் விகிதம்

கவசம் பரவியபின்னும் எல்லார்க்கும் கிட்டியதா? க்னூட் அரசனின் சட்டத்தில் படிநிலைக்கேற்ப ஹெரியட் வகுக்கப்பட்டுள்ளது. ஏர்ல் எனப்படும் பெருந்தலைவனுக்கு 8 குதிரைகள், 8 ஈட்டிகள், 8 கேடயங்கள், 4 வாள்கள், 4 தலைக்கவசங்கள், 4 வளையக் கவசங்கள், இவற்றோடு பொன். அரசனுக்கு அணுக்கமான தெயின் ஒருவனுக்கு 4 குதிரைகள், 4 ஈட்டிகள், 4 கேடயங்கள், 2 வாள்கள். தலைக்கவசமும் வளையக் கவசமும் ஒவ்வொன்றே.

இவ்வெண்களை உருவங்களாக மாற்றிப் பாருங்கள். ஏர்லின் கடனில் ஈட்டியேந்திகளுள் பாதிப்பேருக்கே கவசமும் வாளும். தெயினின் கடனில் நால்வருள் ஒருவனுக்கே கவசம். சட்டம் வரிக்கணக்காக எழுதியதைப் படையின் நேர்ப்படமாகக் கொள்வது ஆபத்து என்பதை அறிவேன். ஆயினும் விற்பனைப் பெட்டியின் விகிதத்தைவிடச் சட்டத்தின் விகிதம் நம்பத்தக்கது.

தொல்லியலும் இதனையே வேறு வகையில் சொல்கிறது. ஆங்கிலோ-சாக்சன் காலத் தலைக்கவசங்களாக இன்று கிடைப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1939இல் சட்டன் ஹூவில் அகழப்பட்டதும், 1982இல் யார்க் நகரின் காப்பர்கேட்டில் கிடைத்ததும் அவற்றுள் பெயர்பெற்றவை. முன்னது 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது, பின்னது 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. இவற்றை 10ஆம் நூற்றாண்டு வீரன் தலையில் ஏற்றுவதும் காலப்பிழையே. எதிரணிக்கு உருவம் தேர்வோர் கொம்பு வைத்த தலைக்கவசங்களை முற்றிலும் ஒதுக்கலாம். அவை 1876இல் வாக்னரின் இசைநாடகத்துக்கு ஆடை வடிவமைத்த டெப்ளர் வழியாகப் பரவிய கற்பனை. நார்வேயின் யெர்முன்ட்பூவில் 1943இல் கிடைத்த உண்மையான வைக்கிங் காலத் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை.

4. கேடயச் சுவரும் அடித்தட்டின் அகலமும்

அடுத்த சிக்கல் இடைவெளி. சிற்றுருவங்களை ஓர் அடித்தட்டில் ஒட்டுவர். தட்டின் அகலமே வீரனுக்கும் வீரனுக்கும் உள்ள தொலைவை முடிவுசெய்கிறது. இதற்கும் ஒரு பழைய ஆவணம் துணைநிற்கிறது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பர்கல் ஹைடேஜ் என்னும் ஆவணம், கோட்டை நகரங்களைக் காக்க எத்தனை ஹைட் நிலம் ஒதுக்கப்பட்டது என்று பட்டியலிடுகிறது. ஹைட் ஒன்றுக்கு ஓர் ஆள்; ஐந்தரைக் கஜ மதிலுக்கு நான்கு ஆள் என்பது அதன் கணக்கு. வின்செஸ்டருக்கு 2,400 ஹைட் எனில் 3,300 கஜ மதிலைக் காக்கலாம். அந்நகரின் ரோமானிய மதிலின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவே. ஏட்டில் எழுதிய கணக்கு நிலத்தில் சரியாக இருந்தது என்பதைக் காட்டும் அரிய சான்று இது.

ஐந்தரைக் கஜத்துக்கு நால்வர் என்றால் ஆளுக்கு ஏறத்தாழ 1.25 மீட்டர். 28 மி.மீ. உருவங்கள் மனித உயரத்தின் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. ஆக அத்தொலைவு மேசையில் 21 மி.மீ. ஆகும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 25 மி.மீ. வட்டத்தட்டு 1.5 மீட்டர் இடைவெளியைத் தருகிறது. மதில்மேல் நிற்பவர்க்கு இது போதும். திறந்த வெளியில் கேடயத்தோடு கேடயம் சேர்த்து நின்றோருக்கு மிக அகலம். நார்வேயின் கோக்ஸ்டாட் கப்பலோடு கிடைத்த கேடயங்களின் விட்டம் ஏறத்தாழ 94 செ.மீ.; மேசையில் 16 மி.மீ.கூட இல்லை. தனித்தனி வட்டத்தட்டில் நிற்கும் வீரர்களின் கேடயங்கள் ஒன்றையொன்று தொடவே முடியாது.

1990இல் வெளிவந்த டி.பி.ஏ. என்னும் விதிநூல், 60 மி.மீ. அகலத் தட்டில் ஈட்டிவீரர் நால்வரை நிறுத்துகிறது. ஆளுக்கு 15 மி.மீ., அதாவது 90 செ.மீ. அவ்விதிநூலின் நில அளவுகோல் வேறு என்பதால் இப்பொருத்தத்தை மிகைப்படுத்தக்கூடாது. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் படிமம் கேடயச் சுவருக்கு நெருங்கியது. கேடயங்கள் உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தனவா, விளிம்பு தொட்டு நின்றனவா, போரின்போது வரிசை தளர்ந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தட்டைத் தேர்ந்தெடுக்கும் கணத்தில் நாம் அவ்விவாதத்தில் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறோம். பல வேளைகளில் சேர்ந்ததை அறியாமலே.

கேடயத்தைப் பற்றி இன்னொன்று. எதெல்ஸ்டன் அரசனின் சட்டம், கேடயம் செய்வோர் ஆட்டுத்தோல் போர்த்துவதைத் தடுத்து, மீறினால் 30 ஷில்லிங் தண்டம் விதிக்கிறது. மலிவான தோல் போர்த்திய கேடயங்கள் சந்தையில் உலவாமல் அரசன் சட்டம் இயற்றியிருக்கமாட்டான். நம்பி வாங்கிய கேடயம் களத்தில் பிளந்த யாரோ ஒருவனின் முறையீடு அச்சட்டத்தின் பின்னால் கேட்கிறது.

5. அழுக்கு நிறம்

முதல் பெட்டியின் பிழையை உணர்ந்தபின் இரண்டாம் பெட்டி வாங்கினோம். அது 'குடியானவர் படை'. கவசமில்லை, நன்று. ஆனால் கிழிந்த உடை, கூன்முதுகு, பல்லிளிப்பு, கையில் வைக்கோல் வாரும் கவை. நான் அவர்களுக்குப் பழுப்பும் சாம்பலும் பூசிக்கொண்டிருந்தேன். அதே மாணவி மீண்டும் கேட்டார்: "ஏழை என்றால் அழுக்கு நிறம்தானா?"

முதல் கேள்வியைவிட இது என்னை மிகுதியாகச் சுட்டது. அந்நிறத்தை எந்தச் சான்றைக் கொண்டு தேர்ந்தேன் என்று யோசித்தேன். ஒன்றுமில்லை. யார்க் நகர அகழாய்வில், மஞ்சிட்டி இனத்துச் செஞ்சாயச் செடியும் வோட் எனப்படும் நீலச்சாயச் செடியும் கிடைத்துள்ளன. சிவப்பும் நீலமும் அக்காலத்தவர்க்கு எட்டாத நிறங்களல்ல. வேளாண்குடியினர் திரள்திரளாகக் கவையேந்திப் போருக்கு இழுத்துவரப்பட்டனர் என்ற படிமத்துக்கும் வலுவான சான்றில்லை. டூம்ஸ்டே பதிவேட்டின் பெர்க்ஷயர்ப் பகுதி, ஐந்து ஹைட் நிலத்துக்கு ஒரு வீரன் என்ற வழக்கத்தையும், அவனது இரு மாதச் செலவுக்கு ஹைட் ஒன்றுக்கு 4 ஷில்லிங் தரப்பட்டதையும் குறிக்கிறது. ஊர் கூடிப் பணம் கொடுத்து அனுப்பிய ஒருவனைக் கந்தலும் கவையுமாக அனுப்பியிருக்க வேண்டியதில்லை.

மால்டன் போரைப் பாடும் பழைய ஆங்கிலப் பாடலின் கையெழுத்துப்படி 1731இல் தீயில் அழிந்தது. முன்னரே எடுத்த ஒரு படியால் 325 அடிகள் தப்பின. அதில் உயர்குடியினர் பலர் பேசுகின்றனர். அவர்களிடையே டன்னெரே என்னும் எளிய குடியானவனும் பேசுகிறான். தலைவன் பிர்த்னாத் வீழ்ந்தபின், பின்வாங்கவேண்டாம் என்று ஈட்டியை உயர்த்தி அழைக்கிறான். ஓர் அடித்தட்டு மனிதனுக்குப் பெயரும் குரலும் தந்த அரிய இடம் அது. அவன் கையில் இருப்பது ஈட்டி. கவை இல்லை. எங்கள் பெட்டியில் டன்னெரேயாக நிறுத்தத்தக்க உருவம் ஒன்றுகூட இல்லை என்பதை அன்றுதான் கண்டேன்.

குறையை வார்ப்பவர்மேல் மட்டும் சுமத்துவதும் முறையன்று. வாங்குவோர் ஓங்கிய வாளையும் வேடிக்கையான ஏழையையும் விரும்புகிறோம். சந்தை அதனைத் தருகிறது. சாதாரண உடையில், சாதாரண முகத்தோடு, ஈட்டியும் கேடயமும் ஏந்தி அமைதியாக நிற்பவனை வாங்க ஆளில்லை. நம் ஆவணங்களிலும் அவன் நிலை ஏறக்குறைய அதுவே.

6. எங்கள் நாற்பது

இறுதியில் இரு பெட்டிகளிலிருந்தும் உடல், கை, தலை ஆகியவற்றை மாற்றி ஒட்டி, புதிதாகச் சில உருவங்கள் சேர்த்து, 991க்குரிய ஆங்கிலப்படை ஒன்றை அமைத்தோம். தலைவனுடன் சேர்த்துக் கவசம் பூண்டோர் 5. வாள் உடையோர் 10. அவற்றுள் பெரும்பாலானவை உறையில். மற்றோர் அனைவர்க்கும் ஈட்டி. கேடயங்கள் எல்லாம் வட்டம். பேயூ திரைத்துணியில் காணும் நீள்வடிவக் கேடயம் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரிய சான்று. வில்லாளர் ஒருவர்: நார்தம்பிரியாவிலிருந்து பிணையாக வந்திருந்த எஸ்ஃபெர்த் அம்பெய்ததைப் பாடல் குறிக்கிறது. பேயூ துணியிலும் ஆங்கிலத் தரப்பில் ஒரே வில்லாளரே காணப்படுகிறார். குடியானவர்க்கு நீலமும் செம்மையும் மஞ்சளும் பூசினோம்.

இவ்வெண்கள் என் ஊகம், மறுக்கத்தக்கவை. 5க்குப் பதில் 8 என்று யாரேனும் வாதிட்டால் மகிழ்வேன். வாதிட அவர் உயில்களையும் சட்டங்களையும் எடுத்துவர வேண்டியிருக்கும். தனியுருவத்தில் ஐயத்தைக் காட்ட இயலாது. நாற்பதின் விகிதத்தில் காட்ட இயலும் என்பதே நான் கற்றது.

ஆட்டத்தன்று ஒரு குறை வெளிப்பட்டது. காலாட்படைதானே என்று குதிரை உருவம் எதுவும் நாங்கள் வாங்கவில்லை. ஆனால் அப்போரின் திருப்பமே ஒரு குதிரையில்தான் உள்ளது. ஆங்கிலேயர் குதிரையில் வந்து, இறங்கி நின்று போரிட்டனர். பிர்த்னாத் வீழ்ந்ததும் காட்ரிக் என்பவன் தலைவனின் குதிரையிலேறி ஓடினான். தலைவனே செல்கிறான் என்று எண்ணிப் பலர் வரிசையை விட்டு நீங்கினர். கேடயச் சுவர் உடைந்தது. ஹெரியட் பட்டியல்களில் குதிரைகள் முதலிடம் பெறுவதை அத்தனை முறை படித்தும் எனக்கு அது உறைக்கவில்லை. விடுதியின் சதுரங்கப் பெட்டியிலிருந்து ஒரு கருங்குதிரையை எடுத்துவந்து மேசையின் பின்புறம் வைத்தோம்.

அக்குதிரை மேசையை விட்டு நீங்கியபின் எஞ்சியவர் பதினொருவர். நீலச் சட்டையணிந்த டன்னெரேயை முன்வரிசைக்கு நகர்த்தியவர் அந்த மாணவிதான்.

தத்தம் துறைக்குரிய ஒரு படையை, ஒரு சந்தையை, ஓர் ஊர்வலத்தை நாற்பது உருவங்களில் நிறுத்திப் பார்க்குமாறு மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பேர் எதை உடுத்தியிருந்தனர் என்று முடிவெடுக்கும்போது, உங்கள் சான்றுகள் எங்கே முடிகின்றன என்பது தெரியவரும். மாற்றுக் கருத்துகளும் திருத்தங்களும் வரவேற்கத்தக்கவை.